மாடம்பாக்கத்தில் மிளகுக் கொடி: மா, பலா, தென்னை, முருங்கை, இதில் எதில் ஏற்றுவது?

கொல்லைப்புறம்:

வணக்கம். எங்கள் வீடு தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில். வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை கிரவுண்ட் இடம், சரளை கலந்த செம்மண். பெரிய ஒட்டு மா ஒன்று, பலா ஒன்று, தென்னை மூன்று, முருங்கை இரண்டு, மூலையில் ஒரு வேம்பு. எல்லாம் நன்றாக வளர்ந்த மரங்கள்தான், அடியில்தான் எதுவும் வைக்க முடியவில்லை, ஒரே நிழல். அதனால் மரத்திலேயே மிளகு ஏற்றிவிடலாம் என்று ஆசை. போன கோடைக்கு முன்னால் நர்சரியில் வாங்கிய இரண்டு கொடிகளை மாமரத்தின் மேற்குப் பக்கம் வைத்தோம், தினமும் போர் தண்ணீர் ஊற்றியும் சித்திரை முடிவதற்குள் இலை ஓரம் கருகி, மஞ்சளாகி, இரண்டுமே போய்விட்டன.

இப்போது வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கொடி ஏறினால் மரத்தின் சாற்றை உறிஞ்சிவிடும், அப்புறம் மா காய்க்காது என்று மாமியார் பயப்படுகிறார். கூடலூரில் இருக்கும் சித்தப்பா, மாவெல்லாம் வேண்டாம், சில்வர் ஓக் நட்டு மூன்று வருடம் கழித்து ஏற்று என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் சென்னை வெயிலில் மிளகு வளரும், காய்க்காது என்கிறார். வீட்டுத் தேவைக்குக் கிடைத்தால் போதும், விற்பனைக்கு இல்லை. சென்னையிலோ சுற்றுவட்டாரத்திலோ மரத்தில் ஏற்றிக் காய் பறித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஏற்காட்டுக்காரன்:

எங்கள் குடும்பத்துக்கு ஏற்காட்டில் காபித் தோட்டம் உண்டு, நான் இருப்பது அம்பத்தூரில். இரண்டு இடத்திலும் மிளகு இருக்கிறது என்பதால் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் உங்கள் மாமியாரின் பயத்துக்குப் பதில். மிளகுக் கொடியின் கணுவுக்குக் கணு வருகிற வேர், பட்டையைப் பிடித்து ஏறுவதற்கு மட்டும்தான். அது மரத்துக்குள் போகாது, சாறு எடுக்காது. கொடிக்குச் சாப்பாடு முழுக்க மண்ணில் இருக்கும் வேர் வழியாகத்தான். மாமரத்தில் கிளையில் முளைத்துச் சாற்றை உறிஞ்சுவது புல்லுருவி, அதைப் பார்த்துத்தான் பலரும் எல்லாக் கொடியும் அப்படி என்று நினைக்கிறார்கள். புல்லுருவியை வெட்டித்தான் ஆக வேண்டும், மிளகை அப்படிப் பார்க்க வேண்டியதில்லை. மண்ணில் உரத்துக்கும் தண்ணீருக்கும் கொஞ்சம் போட்டி இருக்கும், அதை நாம் கூடுதலாகக் கொடுத்துச் சரிக்கட்டிவிடலாம்.

சித்தப்பா சொல்வது கூடலூருக்குச் சரி. ஏற்காடு, கொல்லிமலை, வால்பாறை, கூடலூர் எல்லா இடத்திலும் காபிக்கு நிழலாக நட்ட சில்வர் ஓக்கில்தான் மிளகு ஏறியிருக்கும். நேராக வளரும், கிளை கழிக்கக் கழிக்கத் துளிர்க்கும், பட்டை சொரசொரப்பு. ஆனால் அது மலைக்கு ஏற்ற மரம். சமவெளிச் சூட்டில் அந்த வளர்த்தி வராது. அதுவும் கொல்லையில் ஏற்கெனவே பலா நிற்கும்போது புதிதாக ஒன்றை நட்டு மூன்று வருடம் காத்திருப்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

உங்கள் மரங்களில் என் வரிசை இது: பலா முதலில், அப்புறம் தென்னை, அப்புறம் மா. பலாவின் பட்டை கொடி பிடிக்கத் தோதானது, வருடம் முழுக்க இலை இருக்கும், காற்றுக்கு நிற்கும். ஒரே சிக்கல், பலா அடிமரத்திலேயே காய்ப்பது. கொடியை மரத்தைச் சுற்றி விடாமல் ஒரு பக்கமாகவே ஏற்றுங்கள், காய்க்கும் பக்கத்தைச் சும்மா விட்டுவிடுங்கள், பலா பறிக்கும்போது கொடி அறுபடாது.

மாவில் ஏறும், ஆனால் ஒட்டு மாவின் நிழல் ரொம்ப அடர்த்தி. மிளகு நிழலை விரும்பும் பயிர் என்று எல்லோரும் சொல்வது பாதி உண்மைதான். இளங்கொடிக்கு நிழல் வேண்டும், காய்க்கும் வயதில் வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் இல்லாவிட்டால் இலை மட்டும் பச்சைப் பசேல் என்று இருக்கும், மிளகு காய்க்கிற சரம் வராது. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்த கொடி அநேகமாக அப்படிப்பட்டதாக இருக்கும்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது எந்த மரம் என்பதைவிட அந்த மரத்தை எப்போது கழிக்கிறோம் என்பது. கேரளத்தில் தென்மேற்கு மழை ஜூன் தொடக்கத்தில் வந்துவிடும், அதற்குமுன் மே மாதத்திலேயே தாங்கு மரத்தின், அதாவது கொடி ஏறியிருக்கும் மரத்தின், கிளையைக் கழித்துவிடுவார்கள், மழையோடு புதுத் தளிரும் சரமும் வரும்போது வெளிச்சம் கிடைக்கட்டும் என்று. அந்த வழிமுறையை அப்படியே எடுத்துக்கொண்டு சென்னையில் மே மாதம் கிளை கழித்தால் கத்திரி வெயில் நேராகக் கொடிமேல் விழும், அவ்வளவுதான், இலை வெந்துவிடும். இங்கே பங்குனியிலிருந்து ஆனி வரை ஒரு கிளையையும் தொடாதீர்கள். ஜூலையில் சாயங்கால மழை இரண்டு மூன்று நன்றாகப் பெய்தபிறகு உள்கிளைகளைக் கழியுங்கள். செப்டம்பரில் இன்னொரு தடவை லேசாக, வடகிழக்கு மழைக்கு முன்னால் காற்றோட்டம் கிடைக்கவும் புயல் காற்றில் மரத்தின் பாரம் குறையவும். அம்பத்தூர் வீட்டில் பலாவில் இருக்கும் கொடியில் ஆடி மழைக்குச் சரம் எடுக்கும், மாசி கடைசி பங்குனி வாக்கில் பறிப்போம்.

நடுவது வடகிழக்குப் பக்கம். மேற்குப் பக்கத்தில் மத்தியான வெயில் நேராக விழும், இளங்கொடிக்கு அது தாங்காது. குழி அடிமரத்தை ஒட்டி வேண்டாம், ஓரடி தள்ளி. தென்னைக்கு இன்னும் தள்ளி, மூன்றிலிருந்து ஐந்து அடி, ஏனென்றால் தென்னையின் தூரைச் சுற்றி வேர் பாய் விரித்ததுபோல் இருக்கும், அதில் இளங்கொடி வேர் விட முடியாது. தள்ளி நட்டு ஒரு குச்சியில் ஏற்றி, கொடி நீண்டதும் மரத்துக்குச் சாய்த்துக் கட்டுங்கள்.

உப்பங்கழி:

திருப்போரூர் பக்கம் சின்னத் தோப்பு வைத்திருக்கிறேன். ஏற்காட்டுக்காரன் அண்ணன் சொன்னதில் கிளை கழிக்கும் காலம் பற்றி முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் கொல்லைப்புறம் சகோதரி எழுதியதைப் படித்தால் எனக்கு முதலில் கண்ணில் பட்டது தண்ணீர். இலை ஓரம் கருகி, அப்புறம் மஞ்சள் என்றால் மேற்கு வெயில் மட்டும் காரணமாக இருக்காது. உங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது அதில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, என்ன? எங்கள் போரில் கோடையில் 1500ஐத் தாண்டும். தென்னைக்கு அது ஒரு பொருட்டே இல்லை, மிளகு உப்பைத் தாங்காது. மழைநீர் பிடிக்கிற தொட்டி கட்டி, சித்திரை வைகாசியில் மிளகுக்கு மட்டும் அந்தத் தண்ணீர் என்று ஆக்கியபிறகுதான் எங்கள் கொடிகளில் கருகாத இலையைப் பார்த்தேன். முழுக்க மழைநீர் முடியாவிட்டால் பாதிக்குப் பாதி கலந்தாவது ஊற்றுங்கள். மீட்டர் விலை குறைவுதான், ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, சுண்ணாம்பு. மிளகு பற்றிய எந்தக் கையேட்டைப் பார்த்தாலும் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் கொடிக்கு அரைக் கிலோ சுண்ணாம்பு என்று இருக்கும். அது கேரளத்தின் புளிப்பு மண்ணுக்கு. மண்ணின் புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு மிளகுக்கு 5.5 முதல் 6.5 வரை இருந்தால் தோது, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். சென்னையில் பெரும்பாலான இடங்களில் மண் ஏற்கெனவே அதற்கு மேலே நிற்கிறது, தண்ணீரும் கடினம். இங்கே சுண்ணாம்பு போட்டால் இரும்புச்சத்து கொடிக்குக் கிடைக்காமல் தளிர் வெளிறிவிடும். உங்கள் செம்மண் கொஞ்சம் தேவலாம், இருந்தாலும் மண் பரிசோதனை செய்யாமல் சுண்ணாம்பைத் தொடாதீர்கள். தொழு உரம், வேப்பம் புண்ணாக்கு, இலைமூடாக்கு, இவை போதும். மூடாக்கு நாலு விரல் கனம், தண்டில் மட்டும் படக்கூடாது.

மூன்றாவது, கேரளத்தில் மார்ச் கடைசியோடு தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். ஒரு காய்ச்சல் கொடுத்து, மழை வந்ததும் சரம் ஒன்றாக வரட்டும் என்று. அவர்களுக்குக் கோடை மழை உண்டு, ஜூனில் மழை நிச்சயம். நமக்கு அந்த நிச்சயம் கிடையாது. இங்கே குறைக்கலாம், நிறுத்தக் கூடாது. மே மாதம் காய்ச்சல் கொடுத்தால் கொடியே போய்விடும்.

மரம் விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். புதிதாக ஒரு தாங்கு மரம் நடுவதென்றால் கடற்கரைப் பக்கத்துக்குப் பூவரசு. போத்து, அதாவது கிளைத் துண்டு, வெட்டி நட்டால் வந்துவிடும், உப்புக்குத் தாங்கும், இலை நிற்கும், வெட்ட வெட்டத் துளிர்க்கும். கிளைரிசிடியாவும் போத்தில் வரும், தழைச்சத்தும் கொடுக்கும், கழித்த தழை அப்படியே மூடாக்கு. ஆனால் கோடை தொடங்கும்போது இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும், கொடிக்கு நிழல் வேண்டிய அந்த நேரத்தில் அது இல்லாமல் போய்விடும். வேம்பும் மாசி பங்குனியில் உதிர்க்கும், ஆனால் சீக்கிரம் துளிர்த்துவிடும், அதனால் வேம்பை ஒதுக்க வேண்டாம். வயதான வேம்பின் பட்டை வெடிப்பில் கொடி ரொம்ப நன்றாகப் பிடிக்கும்.

கொரட்டூர் மாடித்தோட்டம்:

மரமே இல்லாதவர்களுக்கு ஒரு குறிப்பு. குத்து மிளகு என்று கேட்டு வாங்குங்கள். கொடியின் காய்க்கும் பக்கக் கிளையிலிருந்து எடுத்த செடி, மேலே ஏறாது, புதர்போல் நிற்கும், தொட்டியிலேயே காய்க்கும், முதல் வருடத்திலேயே சரம் பார்க்கலாம். மாடியில் நேர் வெயிலில் வைக்காமல் நிழல்வலைக்குக் கீழே. கிலோக்கணக்கில் வராது, ரசத்துக்குப் பச்சை மிளகு கிடைக்கும்.

கொல்லைப்புறம்:

மூவருக்கும் மிக்க நன்றி. போர் தண்ணீரை அளந்து பார்த்தேன், 1100க்கு மேல் காட்டுகிறது. கார்ப்பரேஷன் தண்ணீர் சம்ப்பில் இருக்கிறது, மழைநீர்க் குழாயும் அதில்தான் விழுகிறது, அதிலிருந்து ஊற்ற ஏற்பாடு செய்கிறேன்.

இன்னும் சில சந்தேகங்கள். முருங்கையில் ஏற்றக் கூடாதா? அதன் நிழல் மெல்லியதுதானே, வெளிச்சப் பிரச்சினையே இருக்காதே. நர்சரியில் என்ன ரகம் கேட்பது? அப்புறம் நடுவது எப்போது, இப்போதே நடலாமா, தை வரை பொறுக்கவா? போன மழையில் கொல்லையில் கணுக்கால் அளவு தண்ணீர் இரண்டு நாள் நின்றது, அதுவும் கவலையாக இருக்கிறது.

வெற்றிலைக்கொடிக்கால்:

நான் தஞ்சாவூர்ப் பக்கம். எங்கள் வீட்டில் தலைமுறையாக வெற்றிலை, இப்போது வேலைக்காகப் போரூரில் இருக்கிறேன். வெற்றிலையும் மிளகும் ஒரே குடும்பம், ஏறுகிற விதமும் ஒன்றுதான், அதனால் முருங்கைக் கேள்விக்கு நான் சொல்லலாம்.

கொடிக்காலில், அதாவது வெற்றிலைத் தோட்டத்தில், கொடி ஏற அகத்தியும் கல்யாண முருங்கையும் போடுவோம். அகத்தி சில வருடத்தில் போய்விடும், வெற்றிலைக்கு அது போதும், மிளகுக்குப் போதாது. மிளகு இருபது வருடம் நிற்கிற கொடி, தாங்குகிற மரமும் அவ்வளவு நாள் நிற்க வேண்டும். நீங்கள் வைத்திருக்கும் காய் முருங்கையிலும் இதே பிரச்சினைதான். பட்டை மெத்தென்று இருக்கும், கொடி ஆசையாக ஏறும், நிழலும் அளவுதான், எல்லாம் சரி. ஆனால் அந்த மரம் பெரிய காற்றுக்கு நிற்காது. 2016 டிசம்பரில் வர்தா அடித்தபோது சென்னையில் எவ்வளவு மரம் சாய்ந்தது என்று எல்லோருக்கும் தெரியும், முருங்கை சாதாரணக் காற்றுக்கே முறியும். அதன்மேல் ஈரமான கொடியின் பாரமும் சேர்ந்தால் காய்க்கிற நேரத்தில் மொத்தமாகக் கீழே கிடக்கும். போதாததற்குக் கம்பளிப்பூச்சி. மிளகு பறிக்க ஏணி போடுகிற மரத்தில் கம்பளிப்பூச்சி இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கல்யாண முருங்கை, முள்ளு முருங்கை என்றும் சொல்வார்கள், கேரளத்தில் காலங்காலமாக மிளகுக்கு அதுதான். போத்து நட்டால் போதும், வேரில் தழைச்சத்து சேரும். ஆனால் 2000களின் நடுவில் ஒரு சின்னக் குளவி வந்தது, இளம் இலையிலும் காம்பிலும் முட்டையிட்டு அங்கங்கே முடிச்சு முடிச்சாக வீங்க வைக்கும், இலை சுருண்டு மரமே நலிந்துபோகும். எத்தனையோ தோட்டத்தில் மரம் போய், அதில் இருந்த மிளகும் சேர்ந்து போனது. இப்போது புதிதாக நடுகிறவர்களுக்கு அதை மட்டும் நம்பி நடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கட்டுவது பற்றி யாரும் சொல்லவில்லை. கொடி தானாக ஏறும் என்று விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு கணுவும் பட்டையில் ஒட்டி இருந்தால்தான் வேர் பிடிக்கும், வேர் பிடித்த கொடிதான் பக்கக் கிளை விடும், பக்கக் கிளையில்தான் சரம். காற்றில் ஆடிக்கொண்டு தொங்கும் கொடியில் காயே வராது. வாழை நாரை நனைத்துக் கணுவுக்குக் கீழே இளக்கமாகக் கட்டுங்கள். நைலான் கயிறு, கட்டுக்கம்பி இரண்டும் தண்டை அறுக்கும். வாழை நார் சில மாதத்தில் தானே மக்கிவிடும், அதற்குள் வேர் பிடித்திருக்கும். அடியிலிருந்து தரையில் ஓடுகிற கொடிகளை வெட்டிவிடுங்கள், அல்லது சுருட்டி ஒரு குச்சியில் கட்டி வைத்தால் அடுத்த நாற்றுக்கு ஆகும்.

உயரத்தையும் கட்டுப்படுத்துங்கள். இருபதடிக்கு மேல் கொடியை விட்டால் பறிக்க ஆள் கிடைக்காது. வீட்டுக்குப் பன்னிரண்டு அடியே தாராளம், அதற்கு மேல் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை நன்றாக வரும்.

உப்பங்கழி:

தென்னை பற்றி ஒரு எச்சரிக்கை. கொடி ஏறிய தென்னையில் மரம் ஏறும் ஆளும் ஏறமாட்டார், ஏறும் கருவியும் மாட்டாது. மட்டை விழும்போது கொடியைக் கிழித்துக்கொண்டு வரும். மூன்று தென்னை இருப்பதால் ஒன்றில் மட்டும், அதுவும் காய்ப்புக் குறைந்ததில் ஏற்றுங்கள்.

ரகம்: பன்னியூர் 1 எல்லா நர்சரியிலும் கிடைக்கும். கண்ணூர் மாவட்டம் பன்னியூரில் உள்ள ஆராய்ச்சி நிலையம் 1971இல் வெளியிட்டது, மிளகில் வந்த முதல் கலப்பின ரகம், நீளமான சரம், பெரிய மணி. ஆனால் அதற்கு வெளிச்சம் நிறைய வேண்டும். உங்கள் கொல்லை ஒரே நிழல் என்கிறீர்கள், அதனால் கரிமுண்டா கேளுங்கள், அல்லது பன்னியூர் 5. இரண்டும் நிழலில் காய்க்கும். விதை போட்டு முளைத்த நாற்று என்றால் வேண்டாம், காய்க்க வருடக்கணக்கில் ஆகும், தாய்க்கொடி மாதிரி வரும் என்ற உறுதியும் இல்லை. தண்டிலிருந்து எடுத்த நாற்றுதானா என்று கேட்டு, பையின் அடியில் வேர் வெள்ளையாக இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். நட்ட மூன்றாம் வருடம் சரம் வரத் தொடங்கும்.

நடும் காலம் என்றால் என் பேச்சு தைதான். மழை முடிந்திருக்கும், மண்ணில் ஈரம் இருக்கும், பனி இருக்கும், மாசி வரை வெயில் தாங்கும்.

ஏற்காட்டுக்காரன்:

இதில் தம்பியோடு எனக்குக் கருத்து வேறுபாடு. தையில் நட்டால் கொடி வேர் ஊன்றுவதற்குள் பங்குனி வந்துவிடும், நேராக முதல் கோடைக்குள் போகும். சகோதரியின் கொடிகளும் கோடைக்கு முன்னால் வைத்தவைதான். ஆடி கடைசி, ஆவணியில் பையோடு இருக்கும் நல்ல நாற்றை வைத்தால் மழை வலுக்கும்முன் வேர் பிடித்துவிடும், அடுத்த கோடைக்குள் ஏழெட்டு மாதக் கொடியாக நிற்கும்.

வெற்றிலைக்கொடிக்கால்:

ஆவணி சரிதான், ஆனால் கணுக்கால் தண்ணீர் இரண்டு நாள் நிற்கிற இடத்தில் இளங்கொடியை ஆவணியில் வைத்தால் ஐப்பசியில் அழுகும். அதனால் மேடு போடாமல் ஆவணியில் நடாதீர்கள். பாத்தி குழிவாக வேண்டாம். அடிமரத்தின் வடகிழக்கில் முழங்கால் உயரத்துக்கு மண்ணும் தொழு உரமும் கலந்து மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். மேட்டை மரத்தின் தண்டில் அணைக்காமல் கொஞ்சம் இடைவெளி விட்டுக் கட்டுங்கள், பட்டை மூடினால் மரத்துக்கும் அழுகல் வரும்.

மிளகை ஒரேயடியாகக் கொல்வது வாடல் நோய்தான். ஃபைட்டோஃப்தோரா என்கிற பூஞ்சை, தேங்கிய தண்ணீரில் பரவும். முதலில் அடி இலைகளில் கரும்புள்ளி, அப்புறம் மண்ணை ஒட்டிய தண்டு கறுக்கும், பச்சையாக இருக்கும்போதே இலை தொங்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொடி முழுக்கப் போய்விடும். தண்டு கறுத்தபின் செய்வதற்கு அதிகம் இல்லை, அதனால் முன்னாலேயே செய்ய வேண்டும். நடும்போதும், பிறகு வருடாவருடம் ஆவணியிலும் டிரைக்கோடெர்மா கொடுங்கள், அது நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை. மக்கிய தொழு உரம் 100 கிலோவுக்கு 1 கிலோ கலந்து நிழலில் ஈரத்தோடு இரண்டு வாரம் வைத்துப் போடுவது வழக்கம், நீங்கள் அதில் பத்தில் ஒரு பங்கு செய்தாலே போதும். மழை வலுக்கும்முன் ஒரு தடவை 1 சதவீத போர்டோ கலவையை இலையிலும் தண்டிலும் தெளிக்கலாம், 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் என்பது அதன் கணக்கு. இந்தச் சுண்ணாம்பு மண்ணுக்குப் போடுவது அல்ல, குழப்பிக்கொள்ளாதீர்கள். டிரைக்கோடெர்மா போட்ட கையோடு தாமிர மருந்து வேண்டாம், அதையும் கொன்றுவிடும், இடையில் சில வாரம் விடுங்கள். அடியில் மண்வெட்டியால் கொத்தவும் வேண்டாம், மிளகின் வேர் மேலாகவே ஓடும், வெட்டுப்பட்ட வேர் வழியாகத்தான் பூஞ்சை நுழையும்.

தண்ணீர் தேங்குகிற இடத்துக்குப் பிரேசில் திப்பிலியில் ஒட்டுக்கட்டிய மிளகும் கிடைக்கிறது. அந்த வேருக்கு இந்த நோய் எளிதில் வராது, ஈரத்தையும் தாங்கும். ஆனால் கோடையில் வறட்சி தாங்காது, தண்ணீர் விடாமல் கொடுக்க முடியும் என்றால் ஒன்று வைத்துப் பாருங்கள்.

கொல்லைப்புறம்:

சரி, இந்த ஆவணியில் மேடு கட்டிப் பலாவில் ஒரு கரிமுண்டா, வேம்பில் ஒன்று. உப்பங்கழி சார் சொன்னதற்காகத் தையில் தென்னையில் ஒன்று வைத்து இரண்டு காலத்தையும் பார்த்துவிடுகிறேன். மாவை விட்டுவிடுகிறேன், மாமியாரும் நிம்மதியாக இருப்பார்.

ஏற்காட்டுக்காரன்:

மாவை விட்டது இன்னொரு வகையிலும் நல்லது. மா பூக்க மார்கழிக்கு முன்னால் அடியில் கொஞ்சம் காய வேண்டும், அப்போது மிளகில் காய் முற்றிக்கொண்டிருக்கும், அதற்குத் தண்ணீர் வேண்டும். இரண்டையும் ஒரே வேரடியில் சமாளிப்பது தொல்லை.

கொரட்டூர் மாடித்தோட்டம்:

காய் பறித்தபின் எப்படிக் காயவைப்பது என்றும் யாராவது சொல்லிவிடுங்கள். என் தொட்டி மிளகு சிலது கறுப்பாகவும் சிலது பழுப்பாகவும் வருகிறது.

ஏற்காட்டுக்காரன்:

சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவக்கும்போது பறியுங்கள். உதிர்த்து, துணியில் கட்டிக் கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, வடித்து, நல்ல வெயிலில் சுத்தமான பாயில் நாலைந்து நாள் போடுங்கள். எல்லாம் ஒரே கறுப்பாக வரும், தூசியும் போய்விடும். மூன்று கிலோ பச்சைக்கு ஒரு கிலோ காய்ந்த மிளகு என்பது ஏறக்குறைய கணக்கு. பல்லில் கடித்தால் பட்டென்று உடைய வேண்டும், நசுங்கினால் இன்னொரு நாள் வெயில் வேண்டும்.